நுரை கண்ட பொருத்தம்

செவ்வாயின் நான்காம் குவிமாடத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழத்தோடு ஒரு சொட்டு மாப்பிள்ளையையும் கொண்டுவருவார்கள். அவன் உட்கன்னத்தில் சுரண்டிய உயிரணுக்களின் சவ்வுக் கொழுப்பைப் பூசிய நீர்த்துளி அது. பெண்ணின் துளியும் அதுவும் கண்ணாடிச் சில்லின் மயிரிழைக் கால்வாய்களில், எண்ணெயில் நீந்தி வந்து நடுவில் சந்திக்கும். கலந்து ஒன்றானால் கல்யாணம். கலக்காவிட்டால் காபியோடு சரி.

அந்த நுண்பாய்மச் சில்லை உருவாக்கியவள் நித்திலா. மருந்துகள் உயிரணுச் சவ்வை எப்படிக் கடக்கின்றன என்று பார்க்கத்தான் அதைச் செய்தாள். இரண்டு துளிகள் தொட்டுக்கொண்டும் கலக்காமல் நின்றால், நடுவே அசல் சவ்வு போலவே ஒன்று உருவாகும். கலந்துவிட்டால் சவ்வு கிழிந்தது, சோதனை கெட்டது என்று பொருள். கண்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்குக் கெட்டுப்போன சோதனைதான் பிடித்திருந்தது.

நித்திலாவும் பரிதியும் காதலித்தார்கள். ஒருநாள் ஆய்வகத்தில் தங்கள் துளிகளை ரகசியமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை தொட்டன, அப்படியே நின்றன.

"நான் பார்த்ததிலேயே நல்ல சவ்வு இதுதான்" என்றாள்.

"அதை எங்கம்மாகிட்ட நீயே சொல்லு" என்றான் பரிதி. துளி கலக்காத பெண் தன் வீட்டுக்குள் வரமுடியாது என்று அவன் அம்மா கோகிலம் முன்பே சொல்லியிருந்தாள்.

பெண் பார்க்கும் நாளன்று, நித்திலா தன் துளியில் ஊசிமுனை அளவு சோப்பு தொட்டு வைத்தாள். எந்தச் சவ்வும் சோப்புக்குத் தாங்காது.

துளிகள் சந்தித்த கணமே கலந்தன. அதோடு நிற்கவில்லை. சில்லின் வாய்வழியே நுரை பொங்கி மேஜைவிரிப்பில் வழிந்தது.

பொருத்தம் பார்க்க வந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "நுரை கட்டின ஜோடியை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைங்க."

சமையலறையில் கோகிலம் மெதுவாகக் கேட்டாள். "நீயும் சோப்பு போட்டியாம்மா?"

"நீங்களுமா அத்தை?"

"பெரியவன் கல்யாணத்துக்கும் நான்தான் போட்டேன். உங்கம்மா கையைப் பாரு, இன்னும் வழுக்குது."

நித்திலாவின் அம்மா திரும்பாமல் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிறகு எதுக்கு அத்தை இந்தச் சோதனை?"

"பார்க்காம செஞ்சா நாலு பேர் என்னம்மா சொல்வாங்க?"

கல்யாணம் முடிந்த மறுவாரம் ஒரு பெண்ணின் அப்பா ஆய்வகத்துக்கு வந்தார். "வெறும் கலப்பெல்லாம் இப்ப சம்பந்தி வீட்டுல ஒத்துக்கறதில்லைம்மா. உங்களுக்கு வந்த மாதிரி நுரை வரணும். அதுக்குத் தனிச் சில்லு இருக்கா?"

ஆய்வகத்தில் சேர்த்துப் பார்த்த அந்த முதல் சில்லு இப்போது நித்திலா, பரிதியின் படுக்கையறையில் இருக்கிறது. உள்ளே இரண்டு துளிகளும் இன்னும் தொட்டபடி, கலக்காமல் நிற்கின்றன. விருந்தாளிகள் வந்தால் மட்டும் அதைத் துணி அலமாரியில் ஒளித்துவைக்கிறார்கள்.