நெளுக்குளத்தில் காணாமற்போன ஐந்தாம் பகுதி

சிவனேஸ்வரி சைக்கிளை விட்டு இறங்கினாள் என்று சொல்ல முடியாது, கிட்டத்தட்ட விழுந்தாள். தன் சைக்கிள் கடை வாசலில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பைறூஸ், பசைக் கையோடு ஓடிப்போய்ச் சைக்கிளைப் பிடித்தான். கடைக்குள் மர வாங்கிலில் இருந்த கதிர்காமநாதன் மட்டும் அசையவில்லை. வவுனியா ரயில் நிலையத்தின் பார்சல் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். தொலைந்த பெட்டிகளைக் கதிரையை விட்டு எழும்பாமலே கண்டுபிடித்தவர் என்று பேர். பைறூசுக்கு அவர்மேல் பெரிய பிரமிப்பு. தானும் அரைத் துப்பறிவாளன் என்ற எண்ணம் அவனுக்கு எப்போதும் உண்டு.

"ஐயா, ஐஞ்சாம் பகுதியைக் காணேல்லை" என்றாள் சிவனேஸ்வரி. "பின்னேரம் நாலு மணிக்குச் சனம் வந்திடும்."

பைறூஸ் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுக் கிட்ட வந்தான். அவனும் அந்த வாசகர் வட்டத்தில் ஒருவன்.

வருடத்தில் ஒரு நாள், நெளுக்குளத்தில் சிவனேஸ்வரியின் தையல் கொட்டிலில் 'தடுத்த புத்தக நாள்' நடக்கும். யாரோ ஒருவர் வாசிக்கக் கூடாதென்று தடுத்ததை அன்றைக்கு எல்லோரும் கூடி உரத்து வாசிப்பார்கள். தடுத்தது அரசாங்கமாக இருக்கலாம், இயக்கமாக இருக்கலாம், கோயில் சபையாகவும் இருக்கலாம். போன வருடம் ஒரு கிழவி, கலியாணத்துக்கு முன் தகப்பன் பறித்து அடுப்பில் போட்ட சினிமாப் புத்தகத்தை ஞாபகத்தில் இருந்தே சொல்லிச் சிரிக்க வைத்தாள். ஆனால் இந்த வருடத்துப் புத்தகம் சிரிக்கிற சங்கதி அல்ல. ஊர் பெயர்ந்த சனங்கள் சொன்னவற்றைத் தொகுத்தது. முதற்பகுதி, இராணுவம் துரத்திய கொக்கிளாய்க்காரருடையது. ஐந்தாம் பகுதி, தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கத்தால் முல்லைத்தீவுக் கரையில் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுடையது. அரசாங்கமும் இயக்கமும் சொல்லிவைத்தாற்போல அந்தப் புத்தகத்தைத் தடுத்திருந்தார்கள்.

முழுப் புத்தகமும் ஒருவர் கையில் அகப்பட்டால் அவருடைய கதை முடிந்தது. ஆகவே வட்டத்தார் தையலைப் பிரித்து ஆறு பகுதியாக்கினார்கள். ஆறு வாசகர், ஆறு கட்டு. சீனிக்கடைத் தாளில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய பார்சல், ஞாயிறுதோறும் ஒருவர் கையில் இருந்து அடுத்தவர் கைக்குப் போகும். யாரும் பெயர் எழுதுவதில்லை. வாசித்து முடித்தவர் கயிற்றின் வாலில் ஒரு முடிச்சுப் போடுவார், அவ்வளவுதான். ஆறு கிழமையில் ஆறு பேரும் முழுவதையும் வாசித்துவிடுவார்கள். புத்தக நாளில் யார் எந்தப் பகுதியை உரத்து வாசிப்பது என்று முதல் ஞாயிறே சீட்டுக் குலுக்கிவிடுவார்கள். விழுந்த சீட்டை மாற்றிக்கொள்ள வட்டத்தில் இடமில்லை.

"நேற்று எல்லாக் கட்டும் திரும்பி வந்திட்டுது" என்றாள் சிவனேஸ்வரி. "விடியப் பிரிச்சுப் பாத்தால் ஐஞ்சாம் கட்டுக்குள்ளை வெறும் பேப்பர். கடைசியாய் வைச்சிருந்தது வீரையா."

"அவர் என்ன சொல்லுறார்?"

"வாயே திறக்கிறாரில்லை. அதிலை என்ன கிடந்தது எண்டு கேட்டால் நிலத்தைப் பாக்கிறார். காட்டிக்குடுத்திட்டான் எண்டு கதை வெளிக்கிட்டிட்டுது, ஐயா. இண்டைக்கு இந்தப் பேரோடை அந்த மனுசன் வீட்டை போனால், நாளைக்கு அவற்றை படலையிலை ஆர் வந்து நிப்பினமோ தெரியாது."

அந்த நாட்களில் வன்னியில் அந்தப் பேர் விழுந்தவனைத் தேடி எந்தப் பக்கத்தாரும் வரலாம். வந்தவர்கள் விளக்கம் கேட்டுக்கொண்டு நின்றதாக யாருக்கும் ஞாபகமில்லை.

"பைறூஸ், கடையைச் சாத்தும்" என்று எழும்பினார் கதிர்காமநாதன்.

கொட்டிலில் அந்தக் கட்டை அவர் மடியில் வைத்து வெகு நேரம் பார்த்தார். கயிற்றில் ஆறு முடிச்சு ஒழுங்காக இருந்தது. உள்ளே, புத்தகத் தாளின் அளவுக்கே கிழித்து அடுக்கிய பழைய பத்திரிகை.

"திகதியைப் பாப்பம் ஐயா! அண்டைக்கு ஆர் பேப்பர் வாங்கினது எண்டு கடையிலை விசாரிச்சால் ஆள் அம்பிடும்" என்று பைறூஸ் துள்ளினான்.

"வவுனியாவிலை அரைவாசிச் சனம் அம்பிடும்" என்றார் கதிர்காமநாதன். தாளின் ஓரத்தை விரலால் தடவினார். "கத்திரிக்கோல் படேல்லை. ஆனால் ஓரம் நூல் பிடிச்ச மாதிரி நேர். அடிமட்டம் வைச்சுக் கிழிச்சிருக்கு."

பைறூசுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியவன்போலத் தலையாட்டினான்.

வீரையா அரிசி ஆலையில் மூட்டை சுமப்பவர். மலையகத்தில் இருந்து கிளிநொச்சிக்கு வந்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து நெளுக்குளத்துக்கு வந்தவர். ஆலை முற்றத்தில் மூட்டைமேல் குந்தியிருந்தார். மூன்று நாள் சாப்பிடாதவர்போல முகம் வற்றியிருந்தது.

"வீரையா, முதற்பகுதியிலை உமக்குப் பிடிச்ச இடம் எது?" என்று சாவகாசமாகக் கேட்டார் கதிர்காமநாதன்.

வீரையாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. கொக்கிளாய்க்காரர் வலையைக் கரையில் விட்டுவிட்டு நடந்த இடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தார். மூன்றாம் பகுதியையும் அப்படியே சொன்னார். பைறூஸ் அசந்துபோனான். அவனுக்கு ஒரு வரிகூட அப்படி ஞாபகமில்லை.

"ஐஞ்சாம் பகுதி?"

வீரையாவின் தலை கவிழ்ந்தது. "நா எடுக்கல்லைங்க ஐயா. அது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும்."

"முடிச்சுப் போட்டீரோ?"

"போட்டேங்க." குரல் தேய்ந்துபோயிற்று. முகத்தைத் துடைத்த அவருடைய இடது பெருவிரலில் ஊதா மை அப்பியிருந்தது.

"மனுசி மீனம்மா எப்பிடி இருக்கிறா?"

"போன வியாழனுக்கு முந்தின வியாழன் ஆஸ்பத்திரியில சேத்ததுங்க. மலேரியா. இன்னமும் வீட்டுக்கு விடல்ல."

"வவுனியாவிலை தங்கிற பாஸ் புதுப்பிச்சாச்சோ?"

"கெழமைக்கு கெழமை புதுப்பிக்கிறதுதாங்களே. நம்ம வட்டத்து ஐயாத்துரை ஐயாதான் படிவம் நெரப்பித் தருவாரு. நல்ல மனுசன்."

கதிர்காமநாதன் அவர் பக்கத்தில் குந்தி, காதோடு ஏதோ சொன்னார். வீரையா வெடுக்கென்று தலையைத் தூக்கினார். பிறகு பெருவிரல் மையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, "சரிங்க" என்றார்.

மூன்று மணிக்கு ஆறு வாசகரும் கொட்டிலில் கூடினார்கள். சிவனேஸ்வரி, பைறூஸ், ஆசிரியைகளான சகோதரிகள் இருவர், வீரையா, அரசாங்கக் கச்சேரி வாசலில் சனங்களுக்குப் பெட்டிசம், படிவம் எழுதிக்கொடுக்கும் ஐயாத்துரை. வீரையாவுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. ஐயாத்துரை மட்டும் தன் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார். தொண்டைக் கரகரப்புக்காரர், எப்போதும் அரைக்குரலில்தான் கதைப்பார். இரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அவர் உரத்து வாசித்ததில்லை.

"முதல்லை வீரையா ஒண்டு சொல்லவேணுமாம்" என்றார் கதிர்காமநாதன்.

வீரையா எழுந்து நின்றார். "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுங்க. மீனம்மாதான் வாசிப்பா. நா கேட்டுக் கேட்டு மனசுல வச்சுக்குவேன். அவ ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கப்புறம் வந்த கட்டை நா பிரிக்கவே இல்ல. முடிச்சு மட்டும் போட்டேன். சொல்ல வெக்கமா இருந்திச்சுங்க." சொல்லிவிட்டு இருந்தார். அவருடைய வெட்கத்தைப் பார்க்கப் பைறூசுக்கே கூசியது. உயிர் போகும் என்று தெரிந்தும் இந்த மனிதர் காலையில் இருந்து இதைத்தான் பொத்திவைத்திருந்தார்.

"ஆகவே கட்டு அவரிட்டை வரேக்கையே பேப்பர்தான் இருந்தது" என்று தொடர்ந்தார் கதிர்காமநாதன். "அவருக்கு முதல் வைச்சிருந்தவர் ஐயாத்துரை. அவர் கைக்கு வரேக்கை பகுதி உள்ளுக்கை இருந்தது. வாசிச்சன் எண்டு போன ஞாயிறு அவரே இதிலை வைச்சுக் கதைச்சவராம், சிவனேஸ்வரி சொன்னா. வீரையா கட்டைப் பிரிக்கமாட்டார் எண்டு ஆருக்குத் தெரியும்? கையெழுத்து வைக்கத் தெரியாமல் பெருவிரல் வைக்கிறதை ஒவ்வொரு கிழமையும் பக்கத்திலை இருந்து பாக்கிறவருக்குத் தெரியும். மனுசி ஆஸ்பத்திரியிலை எண்டும் அதே ஆளுக்குத்தான் தெரியும். பெட்டிசம் எழுதிற ஆள் தாள் கிழிக்கக் கத்திரிக்கோல் தேடுறதில்லை, அடிமட்டம் போதும்."

"ஏன்?" பைறூசின் குரல் தானாக உயர்ந்தது. "அந்தப் பகுதியை நாங்கள் எல்லாரும் வாசிச்சிட்டம். இனி ஒளிச்சு என்ன பிரயோசனம்?"

"அதுதான் எனக்கும் இடிச்சது, பைறூஸ். வாசிச்சு முடிஞ்ச ஒண்டைக் களவெடுத்தவர் வாசிக்கிறதைத் தடுக்க நினைக்கேல்லை. உரத்து வாசிக்கிறதைத்தான் தடுக்க நினைச்சவர். ஐஞ்சாம் பகுதிக்குச் சீட்டு ஆருக்கு விழுந்தது?"

எல்லோரும் ஐயாத்துரையைப் பார்த்தார்கள்.

"சீட்டை மாத்தேலாது. தான் தன்ரை குரலிலை வாசிக்கவேணும். அந்தக் குரலை ஆர் கேக்கக் கூடாது எண்டு அவர் பயந்தவர்? அந்தப் பகுதியிலை, ஒழுங்கையாலை வந்த வான் வண்டிக்குள்ளை இருந்து, ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கியிலை அறிவித்தல் வாசிச்ச ஒரு குரல் வருதாம். முகம் ஒருதரும் காணேல்லை. அண்டைக்கு அந்த ஒழுங்கையிலை நிண்ட ஒரு ஆள் இந்தக் கொட்டிலிலை இருக்கிறார்."

அந்த ஆள் தான்தான் என்று பைறூசுக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது. உறைத்ததும் ஐயாத்துரையின் வாயையே பார்த்தான்.

ஐயாத்துரை தன் பைலைத் திறந்தார். விண்ணப்பப் படிவங்களுக்கு அடியில் ஐந்தாம் பகுதி கசங்காமல் இருந்தது. "எரிக்கத்தான் எடுத்தனான். கை வரேல்லை" என்றார். "வேற ஊரிலை இருந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். பள்ளிக்கூடத்திலை நாடகம் போட்ட ஆள், குரல் நல்லது எண்டு சொல்லி வானிலை ஏத்தினவங்கள். பக்கத்திலை துவக்கு. கடுதாசியைத் தந்தவங்கள், வாசிச்சன். அண்டையில் இருந்து ஒண்டையும் உரத்து வாசிச்சதில்லை." பிறகு, "வீரையாவிலை பழி விழும் எண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

"நினைச்சிருப்பியள்" என்றார் கதிர்காமநாதன். குரலில் கோபமில்லை; அதனாலேயே அது கூடச் சுட்டது. "நினைக்காமல் பேப்பரை வைச்சுக் கட்டி அவரிட்டைக் குடுத்திருக்கமாட்டியள்."

ஐயாத்துரை மறுக்கவில்லை. வீரையாவின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். வீரையா அந்தக் கையைப் பார்க்கவுமில்லை, வேண்டாமென்று தள்ளவுமில்லை.

வெளியே சைக்கிள் மணிகள் கேட்டன. சனம் வரத் தொடங்கிவிட்டது. "வீரையாவிலை ஒரு குற்றமும் இல்லையெண்டு வாற ஒவ்வொருதருக்கும் நானே சொல்லுறன்" என்று சிவனேஸ்வரி எழும்பினாள். "பைறூஸ், ஐஞ்சாம் பகுதியை நீர் வாசியும். அவர் வீட்டை போகட்டும்."

பைறூஸ் தாள்களை வாங்கினான். அதில் அவனுடைய உம்மா இருந்தாள். தங்கச்சியின் தைத்து முடியாத கலியாண உடுப்பு இருந்தது. பூட்டின கடை இருந்தது. ஒன்பது வருடமாக அந்தக் குரலுக்கு ஒரு முகம் தேடியவன் அவன். முகம் கிடைத்தால் என்ன செய்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தான். கிடைத்திருப்பது ஒரு கிழட்டு முகம். வியர்த்து ஒழுகிக்கொண்டு எதிரே இருந்தது. அடிக்கவேணும்போலவும் இருந்தது, அழவேணும்போலவும் இருந்தது.

"இல்லை அக்கா" என்றான். "வாசிக்க விடாமல் பண்ணினால் நாங்கள் என்னத்துக்கு இந்த நாளை வைக்கிறம்?" தாள்களை ஐயாத்துரையின் மடியில் வைத்தான். "சீட்டு உங்களுக்குத்தான் விழுந்தது. உரத்து வாசியுங்கோ. அண்டைக்கு வாசிச்ச மாதிரியே."

நாலு மணிக்குக் கொட்டில் நிறைந்திருந்தது. பைறூஸ் முன் வாங்கிலில் இருந்தான். வீரையா வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பகுதியை அவர் இனித்தான் கேட்கப்போகிறார்.

முதல் வரியிலேயே பைறூசுக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. கரகரப்பெல்லாம் வெறும் போர்வை. அடியில் அதே கணீர்க் குரல் இருந்தது. எழும்பி ஓடவேணும் போலிருந்தது. ஓடவில்லை. அறிவித்தல் வருகிற பக்கத்தில் ஐயாத்துரை நின்றுவிட்டார். அவர் நிமிர்ந்து பைறூசைப் பார்த்தார்.

பைறூஸ் அவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பதாக அவனுக்கு எண்ணமும் இல்லை.

"நிப்பாட்டாதேங்கோ" என்றான். "மிச்சத்தையும் வாசியுங்கோ."