அன்பரசன் படத்துக்குக் குரல் கொடுத்தவள்

திரையில் இருந்த பெண்ணின் உதடுகள், காலையில் சொன்ன வார்த்தையை இப்போது சொல்லவில்லை.

ஜூடி காட்சியைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். டப்பிங் பேசிப் பிழைப்பவள் அவள்; சத்தமே இல்லாவிட்டாலும் உதட்டசைவை வைத்து வசனத்தைப் பிடித்துவிடுவாள். காலையில் 'வூட்டுக்குப் போறேன்' என்றுதான் அந்த வாய் அசைந்தது. 'போ' என்று சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். இப்போது ஒட்டவில்லை. 'வூட்டுக்கு வரேன்.'

பார்த்துப் பார்த்துக் கண் அசந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, 'வரேன்' என்றே பேசிப் பதிவு செய்தாள்.

படம் அன்பரசனுடையது. வியாசர்பாடிக்காரர். எண்ணூர் கழிமுகத்தில் யார் தயவும் இல்லாமல் எடுத்து, முடிக்கும் முன்பே செத்துப்போனார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் உதவி இயக்குநராக இருந்த செங்குட்டுவன்தான் ஒரு பழைய பீரோவுக்குள் கிடந்த ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து வந்தான். "படம் முக்காவாசி கீது ஜூடி. சத்தம்தான் இல்ல. நீ பேசிக் குடுத்தேன்னா அண்ணன் பேரு நாலு பேருக்குத் தெரியும்."

ராயபுரத்தில் அவள் வீட்டுப் பின்னறைதான் ஸ்டுடியோ. அடுத்த அறையில் அப்பா ஜார்ஜ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்; இரண்டு கண்ணும் போய்விட்டன. மகளின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடுவார்.

சாயங்காலம் ஆக ஆக, ஜன்னலை அடைத்திருந்த கம்பளியின் தூசி வாசனைக்கும் கம்ப்யூட்டரின் சூட்டுக்கும் அடியிலிருந்து, சேற்றில் நாள்பட ஊறிய துணியின் நாற்றம் ஒன்று மெல்லக் கிளம்பி அறை முழுக்கப் பரவியது. ஒலியே பதிவாகாத படத்திலிருந்து, தண்ணீர் எதிலோ மோதி மோதி விலகுகிற மாதிரி ஒரு சத்தம் ஹெட்போனில் கேட்டது. சாம்பல் நிறத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்று அந்தப் பெண் பேசிக்கொண்டேயிருந்தாள். ஒவ்வொரு வசனம் முடியும்போதும் ஜூடியின் தொண்டை இன்னும் கொஞ்சம் கம்மியது. வெந்நீர் குடித்தாள். பயனில்லை.

செங்குட்டுவனுக்குப் போன் போட்டாள். "அந்தப் பொண்ணு யாரு?"

"தெரியலப்பா. ஷூட்டிங் அப்போ ஆத்தோரமா நின்னுகினு இருந்துச்சு. மூஞ்சி நல்லா கீதுன்னு அண்ணன் நடிக்க வெச்சாரு. ஒரு வார்த்தை பேசாது. சும்மா உதட்ட மட்டும் அசைக்கும். ஊமைன்னு நெனச்சோம்."

எங்கே போனாள் என்று ஜூடி கேட்டாள்.

"ஜூடி? இன்னா, உன் கொரலே கேக்கல?"

மறுபடி கேட்டாள். சத்தமாகக் கேட்டாள்.

"ஜூடி? லைன்ல கீறியா?"

அவள் காதுக்கே கேட்கவில்லை.

போன் கட்டானது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒரு குரல் எழுந்தது.

"நைனா."

ஜூடியின் குரல். அந்த வசனத்தை அவள் பேசவே இல்லை.

"நைனா, இங்க வாயேன்."

பிளக்கைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் அணைந்தது. திரை அணையவில்லை.

"வரேன் கண்ணு," என்றார் ஜார்ஜ். சுவரைத் தடவும் சத்தம். கதவு திறந்தது. நேராக நடந்து வந்தார். ஜூடியைத் தாண்டி. அவர் உள்ளங்கை திரையில் பட்டது. கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினார்.

"இன்னாடி, மூஞ்செல்லாம் ஈரமா கீது?"

விரல் நுனியிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டியது.

ஜூடி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கத்தினாள். காற்று. வெறும் காற்று.

அவர் திமிறினார். உதறினார். திரையோடு ஒண்டினார்.

"கண்ணு... வூட்டுக்குள்ள யாரோ பூந்துகினு கீறாங்க. என்னப் புடிச்சி இழுக்குறாங்க."

"பயப்படாத நைனா," என்றது ஜூடியின் குரல். ஈரமான ஒரு கை திரையிலிருந்து வெளியே நீண்டு, அவர் தலையைத் தன் பக்கமாக மெல்லச் சாய்த்துக்கொண்டது.