ஏழாம் எண்

சோடா கேன் வெதுவெதுப்பாக இருந்தது. குளிரவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, இது யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்துவிட்டுக் கொடுத்தது போன்ற சூடு. லோர்னாவுக்கு அதைக் கீழே வைத்துவிட வேண்டும் போலிருந்தது. வைத்துவிட்டாள்.

நாளை மதியம் இந்தக் கராஜில்தான் விருந்து. மகள் பிரிட்டா பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். மடக்கு மேசைகள் போட்டாயிற்று, ஹாம் சாண்ட்விச்சுக்கு நூறு பன் வந்தாயிற்று, ஊரில் பாதி வரும். மூலையில் நின்ற சோடா மெஷின் அவள் கணவன் ஆர்லன் ஏலத்தில் எடுத்துப் பழுது பார்த்தது. காசு போட வேண்டாம், பொத்தானை அழுத்தினால் போதும். அதன் குளிரைக் கூட்டுவதில் மட்டும் அவனுக்கு ஒரு பிடிவாதம். குமிழை ஒரு தடவைக்கு அரை எண்தான் திருப்ப வேண்டும், பிறகு ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறக்காமல் பொறுக்க வேண்டும், உள்ளே தண்ணீர் டம்ளரில் நிற்கும் வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். பக்கவாட்டில் ஒட்டிய காகித நாடாவில் தேதியும் எண்ணும் அவன் கையெழுத்தில் இருந்தன. கடைசி வரி, ஜனவரி ஒன்பது, மூன்றரை.

அதற்கு மறுநாள் அப்பாவும் மகளும் ஏரிப் பனியில் மீன் பிடிக்கப் போனார்கள். பனி உடைந்தது. பிரிட்டா மட்டும் சாயங்காலம் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்து வந்தாள், ஒரு கையில் மட்டும் கையுறையோடு. ஏரி உருகிய பிறகும் ஆர்லன் கிடைக்கவில்லை. பெண்ணாவது மிஞ்சினாளே என்றார்கள் எல்லோரும். லோர்னாவும் அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு நாளையும் தள்ளினாள். மகளும் இறந்திருந்தால் தானும் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று லோர்னாவுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பிரிட்டாவுக்கு எதுவுமே குளிரவில்லை. கூட்டு, இன்னும் கூட்டு என்று தினமும் நச்சரிப்பு. முந்தாநாள் லோர்னா பொறுமையிழந்து, மூன்றரையில் இருந்த குமிழை ஒரே திருப்பில் ஏழில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆர்லனின் தம்பி டுவேன் போனில் சிரித்தான். "ஏழுலயா வெச்சீங்க அண்ணி? அண்ணன் இருந்திருந்தா உங்கள கராஜ் பக்கமே விட்டிருக்க மாட்டான். உள்ள குளிர்க் குழாய்ல ஐஸ் கட்டி, காத்து போற வழி அடைச்சிருக்கும். கரண்டுதான் தண்டம், கேன் சூடாத்தான் இருக்கும். பிளக்கப் புடுங்கிட்டு, கதவத் தொறந்து உருக விடுங்க. அப்புறம் மூன்றரை. அதுக்கு மேல கைய வெக்காதீங்க."

பிளக்கைப் பிடுங்கினாள். ஆறு மாதமாக இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருந்த மோட்டாரின் உறுமல் ஒரு குலுக்கலோடு நின்றது. வெளியே மழை கராஜ் கதவில் வழிந்தது. மணி நாலுதான், ஆனாலும் உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. மெஷினுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது. கூடவே ஒரு வாடை, சர்க்கரைப் பாகின் வாடை இல்லை, பாசியும் சேறும் மீனும் கலந்த ஏரியின் வாடை.

டக், டக்.

லோர்னா மூச்சை அடக்கினாள். பனியில் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஆர்லன் இரும்புக் கம்பியால் இப்படித்தான் இரண்டு தட்டுவான், தாங்குமா என்று பார்க்க. ஐஸ் விரிசல் விடுகிறது, அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பயமாக இருந்தது. பிளக்கைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தாள்.

டம்ளரில் வெப்பமானி தொண்ணூற்றெட்டைக் காட்டியது. காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.

கேன் வரிசைக்குப் பின்னால் வெள்ளைப் பனி இல்லை. கண்ணாடி மாதிரி தெளிந்த, கறுத்த, தடித்த ஏரிப் பனி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய உள்ளங்கை அழுந்தியிருந்தது. வளைந்த சுண்டு விரல். ஆர்லன்.

பக்கத்தில் இன்னொரு கை. சின்னது.

சிவப்புக் கையுறை. கட்டை விரலில் பச்சை நூல். சிவப்பு நூல் தீர்ந்துபோய் லோர்னாவே பிரிட்டாவுக்குத் தைத்துக் கொடுத்த ஒட்டு.

கையுறை மடங்கியது. தட்டியது. டக், டக்.

"அம்மா."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வெறுங்காலின் ஈரச் சத்தம் சிமெண்டுத் தரையில் நெருங்கியது.

"உருக விடாதம்மா. நல்லா உறைஞ்சிட்டு வருது."

சில்லிட்ட விரல்கள் அவள் விரல்களின்மேல் படிந்தன, பிளக்கோடு சேர்த்து அவற்றைச் சுவருக்கு நகர்த்தின. மோட்டார் உறுமியது. பனிக்கு அந்தப் பக்கம் அந்தச் சிவப்புக் கையுறை வேகவேகமாகத் தட்டத் தொடங்கியது.