பூட்டிய அறையில் மூன்று குரல்கள்

மதியம் இரண்டரை மணி ஆனால் போதும், பூட்டிக் கிடக்கும் அறிவியல் கூடத்துக்குள் மூன்று பேர் அழுவார்கள். ஒன்று கட்டைக் குரல். ஒன்று நடுத்தரம். மூன்றாவது, பச்சைக் குழந்தையின் குரல்.

ஆறாம் வகுப்பே குலைநடுங்கிப் போயிருந்தது. அந்த வராந்தாவில் ஈ, காக்கை நடமாட்டம் இல்லை.

வாயைத் திறந்தாலே கேள்விதான் என்பதால் 'கேள்வி' என்று பெயர் வாங்கிய சிறுமிக்கோ வேறு கவலை. அறிவியல் மன்றத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேர் சேராவிட்டால், அந்த அறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கப் போவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். இன்று வெள்ளி. தாளில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அறிவியல் என்றால் மனப்பாடம்தானே என்று மற்றவர்கள் நழுவிவிட்டார்கள்.

அவள் கூடத்து உதவியாளர் அண்ணனிடம் சாவி கேட்டாள். சாவியைக் கொடுத்தவர், தனக்கு வாசலில் முக்கியமான வேலை இருப்பதாகச் சொல்லி அங்கேயே நின்றுகொண்டார்.

உள்ளே அரை இருட்டு. மேசைகளில் தூசி. அவள் காதருகே கட்டைக் குரல் மெல்ல எழுந்தது. ஓடத் திரும்பியவள், குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அதையொட்டி, மூடியில்லாத மூன்று காலிப் புட்டிகள். பெரிய புட்டியின் வாயைக் கையால் மூடினாள். கட்டைக் குரல் நின்றது. அட, தினமும் இந்நேரம் ஜன்னல் வழியே வீசும் காற்று செய்யும் வேலை!

சொல்லிவிட வெளியே ஓடினாள். தூணுக்குப் பின்னால் அவள் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேர் ஒட்டி நின்றார்கள். முன்னால் குண்டூசி, வகுப்பிலேயே ஒல்லியானவன்.

"உள்ள என்ன இருக்கு?"

பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. ஆனால் வகுப்பில் தூங்கி வழியும் அந்தக் கண்கள் இப்போது அகல விரிந்திருந்தன. அவள் பதிலை விழுங்கினாள்.

"சொல்ல மாட்டேன். நீங்களே வந்து கண்டுபிடிங்க."

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். மேசைக்கடியில் தேடினார்கள், அலமாரியைத் தட்டினார்கள். கடைசியில் குண்டூசிதான் புட்டிகளிடம் வந்து சேர்ந்தான். மூடினான், குரல் நின்றது. கையை எடுத்தான், மறுபடி அழுதது. மூச்சுவிட்டுச் சிரித்தவன், சட்டென்று சின்னப் புட்டியில் காதை வைத்தான்.

"காத்து ஒண்ணுதானே. இது மட்டும் ஏன் குழந்தை மாதிரி அழுவுது?"

'கேள்வி'க்கே அது தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

"அந்தப் பேர் எழுதுற தாள் எங்க?" என்றான் குண்டூசி.

நான்கு பேரும் முண்டியடித்து எழுதி முடித்தபோது காற்று ஓய்ந்துவிட்டது. மறுபடி அழுகையைக் கேட்கத் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டுமே என்று ஐந்து பேருக்கும் ஒரே வருத்தம்.