மூன்றாவது வரி

அன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லபாய் குக்கரை விசிலடிக்க விட்டாள். அது அலறிக்கொண்டே இருந்தது, அவள் அடக்கவே இல்லை. அது ஓய்ந்ததும் மிக்சியில் தேங்காயைப் போட்டு ஓட்டினாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தமெல்லாம் அன்று சேர்ந்து கேட்டது.

முன்னறையிலிருந்து அவள் கணவர் ராபின்சன் கிட்டாரும் கையுமாக ஓடி வந்தார்.

"என்னது பிள்ளே இது! நான் உள்ள தொண்டைய சரியாக்கிட்டு இருக்கேன். ஆராதனை முடிஞ்சு மண்டபத்தில பாடணும். தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். அதுக்கு நான் தேங்கா அரைக்கப்பிடாதா?"

"இத்தற நாளும் நீ அம்மியிலதானே..."

"இத்தற நாளும் நான் ஊமையாட்டு இருந்தேன். அதுக்குத்தானே ஊரு முழுக்க எனக்கு நல்ல பேரு வாங்கித் தந்திருக்கிய!"

ராபின்சன் கிட்டாரோடு முன்னறைக்குத் திரும்பினார். அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

பாறசாலைப் பக்கத்தில் அவரை 'கிட்டார் ராபின்சன்' என்றால்தான் தெரியும். வாலிபத்தில் கோவளத்து ஹோட்டல்களில் பாடப் போனவர், அங்கே ப்ளூஸ் என்ற பாட்டில் விழுந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மனச்சங்கடத்தைக் கிட்டாரில் ஏற்றிப் பாடுவதுதான் ப்ளூஸ். ஒரு வரியைப் பாடுவார், அதையே திரும்பவும் பாடுவார், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். நாற்பது வருஷம் இப்படிப் பாடினார். ஆள்தான் கேட்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக நின்று வீட்டை நடத்தியவள் செல்லபாய். ஒருநாள்கூட "பாட்டை விடுங்க" என்று அவள் சொன்னதில்லை.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில்தான் கொச்சியில் சவுண்ட் எஞ்சினியராக இருக்கும் மகன் டெனில் வந்து, "அப்பாவுக்க பாட்டெல்லாம் சேத்து ஒரு ஆல்பம் போடுவோம், நம்ம முன்னறையையே ஸ்டுடியோ ஆக்கிரலாம்" என்றான். யார் சந்தோஷப்பட்டார்களோ இல்லையோ, செல்லபாய் சந்தோஷப்பட்டாள். சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்றான் மகன். தன் கட்டிலில் கிடந்த மெத்தையை எடுத்துக்கொடுத்தாள், அதை அறுத்துச் சுவரில் அடித்தார்கள். அவள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். பாட்டுக்கு நடுவில் சேவல் கூவியது என்றார்கள். ஆசையாக வளர்த்த கோழிகளை எல்லாம் மகனுடைய காரில் ஏற்றி, பொழியூரில் இருக்கும் நாத்தனார் தங்கபாய்க்கு அனுப்பி வைத்தாள். குக்கர் சத்தம் கேட்கிறது என்றார்கள். பக்கத்து வீட்டு லேகாவின் அடுப்பில் கஞ்சி வைத்து, வேலியைச் சுற்றிச் சுமந்து வந்தாள்.

வாசலுக்கு மேலே டெனில் ஒரு சிவப்பு பல்பு மாட்டியிருந்தான். அது எரிந்தால் உள்ளே ரெக்கார்டிங். அப்போதெல்லாம் செல்லபாய் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்புவாள்.

அப்படித்தான் ஒரு மழைநாளில் தங்கபாய் வந்தாள். தம்பிக்குப் பிடிக்குமே என்று கடப்புறத்திலிருந்து சாளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. செல்லபாய் அவள் கையைப் பிடித்து, "லேகா வீட்டில இரிங்க மைனி, இப்பம் முடிஞ்சிரும்" என்று காதுக்குள் சொன்னாள். பிறந்த வீட்டு வாசலில் நின்று அடுத்த வீட்டில் போய் உட்கார்வதா! தங்கபாய் கையை உதறிவிட்டு, மீனோடு திரும்பி நடந்தாள். பின்னாலேயே கூப்பிட்டு ஓட முடியவில்லை, உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. ராபின்சன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? பாட்டாக எழுதினார்!

ஆல்பத்துக்கு 'அடைச்ச வாசல்' என்று பெயர் வைத்தார். அதே பெயரில் உள்ள பாட்டுதான் ஊரைக் கலக்கியது. வீட்டுக்காரி வாசலை அடைத்தாளாம், கூடப்பிறந்தவள் மழையில் திரும்பினாளாம், கஞ்சி ஆறிப்போச்சாம், கட்டிலில் மெத்தை இல்லையாம்! கொச்சியிலும் சென்னையிலும் பையன்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். ஒரு பத்திரிகை 'சொந்த வீட்டில் அகதியான கலைஞன்' என்று எழுதியது. அதை டெனில் வாசித்துக் காட்டியபோது செல்லபாய் அந்த அகதியின் தொண்டைக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தாள்.

அதையும் பொறுத்திருப்பாள். ஆனால் ஒரு பேட்டியில், "இதெல்லாம் உண்மையா சேட்டா?" என்று கேட்டவனிடம் ராபின்சன் தாடியைத் தடவிக்கொண்டு, "என்றெ ஜீவிதம் தன்னெயாணு என்றெ பாட்டு" என்று, தன் வாழ்க்கையேதான் தன் பாட்டு என்று, மலையாளத்தில் சொல்லிவிட்டார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

அவர்களுடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. நன்றிப் பண்டிகையிலோ ஜெபக்கூட்டத்திலோ ஒருவர் எழுந்து 'நான்' என்று பாடினால், அது சாட்சி. தன் வாழ்க்கையில் நடந்ததைத்தான் பாடுகிறார் என்று அர்த்தம். கதைக்காகப் பாடுவது என்று ஒன்று உண்டென்று அங்கே யாருக்கும் தெரியாது. ராபின்சன் 'எனக்க வீட்டுக்காரி' என்று பாடியதை அப்படியே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் ஷிஜி வந்து, "இந்த மாசம் ஜெபம் நீங்க நடத்தண்டாம் சேச்சி, ஆளுகளுக்கு ஒரு இது..." என்று இழுத்தாள். ஊர் 'அச்சன்' என்று கூப்பிடும் போதகர் வீட்டுக்கே வந்து, செல்லபாயின் கடின இருதயம் இளக வேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தார். ராபின்சனும் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் ஆமென் சொன்னார்!

இன்று அந்த மனிதருக்குச் சபை மண்டபத்தில் பாராட்டு.

கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. தங்கபாய் இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"எலே ராபி! பொறப்பட்டாச்சா?"

"உள்ள வா அக்கா."

"அடைச்ச வாசலுக்குள்ள நான் வரல்ல மக்கா. எனக்கும் மானம் உண்டு. அண்ணைக்கு நனஞ்சுகிட்டு போனவளாக்கும் நான்... நீயாவது அத பாட்டில வச்சியே, அது போதும் எனக்கு."

"மைனி!" செல்லபாய் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அண்ணைக்கு உள்ள ரெக்கார்டிங் நடந்துது. நான் ஒங்கள விரட்டல்ல. கர்த்தர் அறிய விரட்டல்ல!"

"நீ பேசாத டீ! எனக்க தம்பிக்கு ஆறின கஞ்சி ஊத்தினவதானே நீ? அவனுக்கு ஒரு மெத்த குடுக்க ஒனக்கு மனசு வரல்ல... அந்த நெலமையிலயும் அவன் எனக்கு கோழி குடுத்து விட்டான். ஒனக்குத் தெரியாம குடுத்திருப்பான் பாவம்!"

செல்லபாயின் கோழிகள்! சிறகு தடவி, பெயர் வைத்து வளர்த்த கோழிகள்! அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க. அந்தக் கோழிய ஆரு குடுத்தது? எதுக்குக் குடுத்தது? மைனிக்க முன்னால ஒரு வார்த்த சொல்லுங்க!"

ராபின்சன் கிட்டாரின் முறுக்காணியைத் திருகினார். "இப்பம் நேரமாச்சு... பிறகு பேசலாம்."

"அப்பா, சொல்லுங்கப்பா" என்றான் பாராட்டுக்காகக் கொச்சியிலிருந்து வந்திருந்த டெனில். பிறகு அவனே பின்வாங்கி, "அம்மா, அது ஒரு ஆர்ட்டு. எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னா பாட்டுக்க மதிப்பு போயிரும்" என்றான்.

"பாட்டுக்க மதிப்பு! அம்மைக்க மதிப்பு போனா பரவாயில்ல, இல்லியாலே மக்கா?"

செல்லபாய் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சரி. நானும் மண்டபத்துக்கு வாறேன்" என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் செல்லபாய் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் தங்கபாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போதகர் ராபின்சனுக்குப் பொன்னாடை போர்த்தி, "துன்பத்தின் நடுவிலும் பாடிய நம் சகோதரன்" என்றார். 'துன்பம்' என்று சொன்னபோது பாதிப் பேர் செல்லபாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராபின்சன் கிட்டாரை மடியில் வைத்தார். குரல் என்னவோ நல்ல குரல்தான். அதை அவளால்கூட மறுக்க முடியாது.

"வாசல் அடைச்சாளே எனக்க வீட்டுக்காரி... வாசல் அடைச்சாளே..."

தங்கபாய் கண்ணைத் துடைத்தாள்.

"வாசல் அடைச்சாளே எனக்க வீட்டுக்காரி... வாசல் அடைச்சாளே..."

மூன்றாவது வரிக்கு முன்னால் கிட்டார் மட்டும் கொஞ்சம் தனியாகப் பேசும். ஒரு வருஷம் கேட்டில் உட்கார்ந்து கேட்டவளுக்கு அந்த இடம் மனப்பாடம். செல்லபாய் எழுந்து நின்றாள். எழுந்து நின்றே பாடினாள்.

"ஒனக்க பாட்டுக்காக்கும் அடைச்சேன் நானு... ஊரு கேக்க நீ அதச் சொல்லல்லியே!"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள், அன்றுதான் முதன்முதலாக 'நீ' என்றாள். ராபின்சனின் முகம் வெளிறியது. ஆனால் விரல் நிற்கவில்லை, பழக்கம் அப்படி. அடுத்த சரணத்தை அவர் பாடியாக வேண்டும். "கஞ்சி ஆறிப்போச்சே..." என்று இரண்டு முறை பாடினார்.

"வேலி சுத்திச் சொமந்தேன் அடுத்த வீட்டுக் கஞ்சி... ஒனக்க வீட்டில சத்தம் வரப்பிடாதுன்னியே!"

"ஆமா! எனக்க அடுப்பிலயாக்கும் வச்சா!" என்று பின்வரிசையிலிருந்து லேகா கத்தினாள். ஷிஜி அவளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு செல்லபாயைப் பார்த்தாள்.

"மெத்த இல்லியே எனக்க வீட்டில..." ராபின்சனுக்கு அதற்கு மேல் வரவில்லை. இரண்டாவது முறை பாடவே இல்லை. செல்லபாய் விடவில்லை.

"ஒனக்க செவுத்தில தொங்குது எனக்க மெத்த... தரையில கெடந்தவ நானில்லியா!"

கிட்டார் நின்றது.

ராபின்சன் எழுந்தார். கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் பாடினது சாட்சி இல்ல. நீங்க சாட்சின்னு நெனச்சப்பம், இல்லன்னு நான் சொல்லல்ல. அதாக்கும் எனக்க குற்றம். அவ சொன்னது எல்லாம் சத்தியம். கோழியும் அவளுக்கதாக்கும் அக்கா... அவதான் ஒனக்கு குடுத்துவிட்டது. நாப்பது வருஷம் எனக்க பாட்ட ஒருத்தனும் கேக்கல்ல. வீட்டில சங்கடம்னு சொன்னப்பம் கேட்டான். சங்கடம் இல்லன்னு சொன்னா திரும்பப் போயிருவானோன்னு பயந்துட்டேன்..."

"அதுக்கு எனக்க பேரையா விக்கணும்?" என்றாள் செல்லபாய். "கேக்காத நாளிலயும் கேட்டவ நான் ஒருத்தி உண்டே! நான் ஆளில்லியா? அச்சன் வந்து எனக்க இருதயத்துக்காக ஜெபிச்சப்பம் ஆமென்னு சொன்னியளே, நாக்கு வெந்து பொள்ளல்லியா?"

போதகர் மேடையில் நெளிந்தார். அவரையும் அவள் விடவில்லை.

"அச்சா, ஒரு வார்த்த என்கிட்ட கேட்டியளா? கேக்காமத்தானே கடின இருதயம்னு சொன்னிய! அதே ஜெபத்த இண்ணைக்கு இவருக்கு வேண்டி ஜெபிங்க. நான் ஆமென் சொல்லுகேன்."

"எனக்குத்தான் மொதல்ல வேணும் அந்த ஜெபம். மன்னிக்கணும்" என்றார் போதகர், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

ராபின்சன் மேடையிலிருந்து இறங்கி வந்தார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தப் போனார். செல்லபாய் அவர் கையைத் தடுத்தாள்.

"இத மடக்கி வைங்க. எனக்கு இது என்னத்துக்கு? எனக்க மெத்தையத் தாருங்க."

தங்கபாய் நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "செல்லம்... எனக்க பிள்ளே... அண்ணைக்கு நீ கையப் பிடிச்சப்பம் உதறிட்டுப் போனேனே! பாவி நான்..." என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் விழுங்கி வைத்திருந்த அழுகையெல்லாம் செல்லபாய்க்கு அப்போது வெளியே வந்தது. "வெயிலுண்ணும் மழையுண்ணும் பாராம மீன் கொண்டு வந்தியளே மைனி... ஒரு வாய் வெள்ளம் குடுக்க முடியல்லியே எனக்கு..." என்று அவளும் விம்மினாள். ஷிஜி வந்து பக்கத்தில் நின்று, செல்லபாயின் புடவையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

அந்த வாரமே டெனில் சிவப்பு பல்பைக் கழற்றினான். அறுத்த மெத்தை உதவாது என்று ராபின்சன் தாமே போய்ப் புதுமெத்தை வாங்கி, ஆட்டோவில் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த பேட்டிக்கு வந்தவனிடம், தாடியைத் தொடாமல், வாசல் அடைத்த கதையை முழுக்கச் சொன்னார். எழுதியவன் எழுதினான், சிலர் அவர் பாட்டைக் கேட்பதை விட்டார்கள், அவர் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. தங்கபாய் கோழிகளைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினாள், இந்த முறை கேட்டில் நிற்காமல் நேராக அடுக்களைக்குள் வந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது, சேவல் கூவிக்கொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் முன்னறையில் ராபின்சன் ஒரு புது வரியை இரண்டு முறை பாடிவிட்டு நிறுத்தினார்.

"செல்லம்... மூணாவது வரி என்ன பிள்ளே?"

செல்லபாய் அடுக்களையில் கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

"நில்லுங்க" என்றாள். "சூடாட்டு இருக்கு. குடிச்சிட்டு வாறேன்."