படுத்திருந்த பாதி

வேலூர் பஸ்ஸிலிருந்து சாரா ஆரணியில் இறங்கியபோது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் சாமந்திப்பூப் பை, இன்னொரு கையில் சுண்ணாம்பு வாளி. மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதமாக வேலூரிலேயே கிடந்தவள், கல்லறைத் திருநாளுக்கென்று வந்திருந்தாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தேவாலயத்துக்கு நடந்தாள்.

புருஷன் டேவிட்ராஜ் அங்கேதான் தெற்குப் பக்கம் படுத்திருந்தான். மண்மேடு மழையில் கரைந்திருக்கும். மண் அணைத்து வெள்ளை அடிக்க வேண்டும். பக்கத்திலேயே தனக்கும் இடம் பார்த்து வைத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தறியில் உட்கார, இவள் அருகில் இருந்து அறுந்த இழையை முடிந்தவள். மண்ணிலும் அப்படியே கிடப்போம் என்று இரண்டு பேருக்கும் பேச்சு.

கேட்டைத் தாண்டியவள் நின்றுவிட்டாள்.

தெற்குப் பக்கம் முழுக்கப் பேவர் கல் பதித்திருந்தார்கள். அதன்மேல் கார்கள் நின்றன.

மண்மேடு ஒன்றுகூட இல்லை. வடக்கே இருந்த கிரானைட் கல்லறைகளில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் வசதிக்காரர்கள். கல் வைக்க வழியில்லாத கூலிச் சனங்களுக்குத் தெற்கே வெறும் மண்மேடுதான். கல் இல்லையென்றால் ஆளும் இல்லை என்று சபைக் கமிட்டிக்கு நினைப்பு போலும். ஜேசிபியை விட்டு நிரவிவிட்டார்கள். எதற்கு அடியில் டேவிட்ராஜ்? சாரா குனிந்து குனிந்து தேடினாள். எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்தது.

சபைச் செயலாளர் பவுல்துரை காரிலிருந்து இறங்கி வந்தார்.

"எங்க வூட்டுக்காரரு எங்கய்யா?"

"இன்னாம்மா சாரா, எப்ப வந்த? கல்யாண மண்டபம் கட்டிகினு இருக்கறோம்ல, கார் வுட எடம் வேணாவா?"

"அவரு எங்கன்னு கேட்டேன்."

"ஆத்துமா கர்த்தர்கிட்ட கீதும்மா. இங்க இருக்கறது வெறும் மண்ணு. அத்தப் போயி பேஜார் பண்ணிகினு."

"அப்ப உங்க அப்பா கல்லற மேல கார நிறுத்துங்களேன்!"

அவர் முகம் கறுத்தது. "வாய அடக்கு. உனக்கு எடம் வேணும்னா கண்ணமங்கலம் ரோட்டுல புதுசா வாங்கிப் போட்டுக் கீறோம். அங்க போய்ப் படு."

உயிரோடு நிற்கிறவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது.

மற்ற சனங்கள் செத்தவரை ஏரிக்கரைக்கு அப்பால் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து தலை முழுகுவார்கள். வேதக்காரர்கள் மட்டும் ஜெபிக்கிற இடத்தின் சுவரோரம் படுக்க வைத்தார்கள். வேறு இடம் கிடைக்காமலா? சபை என்றாலே இரண்டு பாதி. உள்ளே உட்கார்ந்திருப்பது ஒன்று, வெளியே படுத்திருப்பது ஒன்று. இரண்டுக்கும் ஒரே மணி, ஒரே பாட்டு. கடைசித் தீர்ப்பின் எக்காளம் ஊதும் நாளில் ஒன்றாக எழுந்திருக்க வேண்டிய கூட்டம் அது. பவுல்துரைக்கு இதெல்லாம் மனப்பாடம். தெரிந்தேதான் கல்லைப் பாவினார். சாமியே சைக்கிளில் போகும்போது பூசாரி புல்லட் கேட்டானாம்!

சாரா வாளிச் சுண்ணாம்பைக் கல்லின்மேல் அப்படியே கொட்டினாள். பூவையும் கொட்டினாள். நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பொழுது சாயும்வரை நகரவில்லை. கார்க்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்கால ஆராதனைக்கு மணி அடித்தது.

அவள் உள்ளங்கையால் கல்லை ஓங்கி அறைந்தாள்.

"மணி அடிக்குது, கேக்குதா? படுத்துகினு இருந்தது போதும். உங்க எடத்த எடுத்துக்கினாங்க. நீங்க அவங்க எடத்துக்கு வாங்க! ஜல்தி வாங்க!"

கல்லுக்கடியில் எதுவும் அசையவில்லை. கை சிவந்ததுதான் மிச்சம். எழுந்து உள்ளே போய்ப் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் வனிதாவுக்கு அருகில் நின்றாள். வனிதாவின் அப்பாவும் தெற்கேதான் படுத்திருந்தார்.

எல்லோரும் நின்று பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் மண் வாசனை வந்தது. மழை மண்ணின் வாசனை அல்ல. ஆழத்தில் தோண்டினால் வருமே, அந்தக் குளிர்ந்த வாசனை. மெழுகுவர்த்திகள் ஆடாமல் எரிந்தன. பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு கேட்டது. அதே ராகம், தொண்டையில் மண் அடைத்த குரல்கள்.

பாட்டு முடிந்தது. "உட்காருங்கள்" என்றார் போதகர்.

உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்தார்கள்.

"அக்கா," வனிதா கிசுகிசுத்தாள். "என் எடத்துல யாரோ உக்காந்துகினு கீறாங்க."

பெஞ்சு காலியாகத்தான் தெரிந்தது. சாரா கையை நீட்டினாள். காற்றில், பெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான துணி விரலில் பட்டது. துணிக்குள் ஒரு முழங்கால் இருந்தது.

யாரும் மறுபடி உட்காரவில்லை.

முன்வரிசையில் பவுல்துரை மட்டும், "இன்னா நிக்கறீங்க? உக்காருங்க!" என்று அதட்டியபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

மரத்தில் அல்ல. யாருடைய மடியிலோ.

எழப் பார்த்தார். முடியவில்லை. கண் பிதுங்க, வயிற்றைச் சுற்றி எதையோ பிடித்து இழுத்தார். வெள்ளைச் சட்டையில், தொப்புளுக்கு மேலே, சேறு படிந்த பத்து விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அவர் மூச்சை இழுத்ததும் அலறியதும் ஒன்றாக நடந்தது. பிடி தளர்ந்தது. சபை முழுக்க வாசலுக்கு ஓடியது.

மறுநாளே பேவர் கல்லைப் பெயர்த்தார்கள். குத்துமதிப்பாக மண்ணைக் குவித்துச் சிலுவை நட்டார்கள். போதகர் மேட்டுக்கு மேடு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். பவுல்துரையும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் வனிதா உள்ளே போய்ப் பெஞ்சைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாரா மட்டும் உள்ளே போனாள். ஆண்கள் பக்கம் ஒவ்வொரு பெஞ்சாகக் கையால் தடவினாள். குளிர்ந்த தோள்கள், குளிர்ந்த முழங்கைகள். ஜன்னலோரத்தில் ஒரு கை அவள் கையைப் பிடித்தது. தறிக்கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த உள்ளங்கை. தேடினவன் கிடைத்துவிட்டான். அழக்கூட இல்லை அவள். அவ்வளவு கோபம் இன்னும் உள்ளே இருந்தது.

வெளியே வந்தபோது பவுல்துரை கைகூப்பினார். "அம்மா சாரா, நீ சொன்னா கேப்பாங்கம்மா. எறங்கி வரச் சொல்லும்மா."

"நான் கூப்ட்டேன், வந்தாங்க. போவச் சொல்ல எனக்கு மனசு இல்ல."

அன்றைய ஆராதனை தெற்குப் பக்கத்தில், மண்மேடுகளுக்கு நடுவே நடந்தது. சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்று பாடினார்கள். பாட்டு முடிந்ததும் போதகர் பழக்கதோஷத்தில், "உட்காருங்கள்" என்றார். வெளியே உட்கார இடம் ஏது? யாரும் அசையவில்லை.

தேவாலயத்துக்குள் பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டு அடங்கின.