காகம் இல்லாத ஊர்

தட்டில் ஒரு பருக்கைகூட இல்லை. பறவை தின்றது என்றால் சோறு சிதறியிருக்கும், பருப்பு வழிந்திருக்கும், வேலியில் எச்சம் கிடக்கும். இங்கே மஞ்சள் கறைகூட இல்லை. இராசமலர் தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். நெய் மணம் இல்லை, கறி மணம் இல்லை, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்தப் பழைய உள்ளிப்பூண்டு வாசமும் இல்லை.

அன்று ஆடி அமாவாசை. தகப்பன் செத்தபிறகு வருகிற முதல் ஆடி அமாவாசை. சண்டைக்குள்ளே யாழ்ப்பாணம் போக வழியில்லாமல், செத்தவீட்டை ஒரு டெலிபோன் சத்தத்தில் கேட்டு அழுதவள் அவள். விரதச் சோறாவது ஒழுங்காக வைப்போம் என்று விடியவே முழுகி, அந்த விரதத்துக்குரிய காத்தோட்டிக்காய் கிடைக்காத ஊரில் கிடைத்த மரக்கறியைச் சமைத்து, பின்வளவு வேலிக் கட்டையில் தட்டை வைத்தாள். காகம் வாய் வைத்தபிறகுதான் அவள் சாப்பிடலாம். ஆக்லாந்தில் காகம் இல்லை என்பது தெரியும். ஒரு மைனாவாவது வராதா என்ற நப்பாசைதான்.

“காகம் இல்லாத ஊரிலை காகத்துக்குச் சோறு. நல்ல விளையாட்டு” என்று சிரித்துவிட்டுப் புருஷன் குலசிங்கம் காலை ரயிலுக்குப் போயிருந்தார். இருட்டில் போய் இருட்டில் வருகிற மனிதர். பாபகூராவில் வாடகை மலிவு என்று கண்டுபிடித்த கெட்டிக்காரர் அவர்தான். மற்றத் தமிழ்ச்சனமெல்லாம் ஏவன்டேல் பக்கம் ஒருவர் வீட்டில் ஒருவர் கறி மாற்றிக்கொண்டிருக்க, இவள் ரயில்பாதையின் கடைசியில், ஈரப் பலகை மணக்கிற வீட்டில், நாள் முழுக்க பிரிட்ஜோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நாலு வயது மகள் கௌரி இருக்கிறாள்தான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள்.

மைனாக்கள் வந்தன. உடுப்புக்கொடியில் வரிசையாக இருந்து சோற்றைப் பார்த்தன. பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பிப் பறந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பூனை பாதி வளவுக்கு வந்து, வயிறு நிலத்தில் பட, பின்பக்கமாகவே நகர்ந்து போனது. பின்னேரமாகிவிட்டது. குளிர் எலும்புக்குள் இறங்கியது, பசியில் தலை சுற்றியது, சோற்றில் தூறல் விழுந்தது. இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன்மேல், வீட்டின்மேல், ஒரு பறவைக்கும் வக்கில்லாத இந்த நாட்டின்மேல்.

“ஆரெண்டாலும் வாங்கோ” என்று வெறும் வளவைப் பார்த்துக் கத்தினாள். “பசிச்ச ஆரெண்டாலும் வந்து தின்னுங்கோ.”

உள்ளே போய்க் கௌரிக்குச் சப்பாத்து மாட்டிவிட்டு வந்து பார்த்தபோதுதான் தட்டு அப்படி இருந்தது. அப்போது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் தட்டு வேலிக் கட்டையில் இருந்தது. அவள் வைக்கவில்லை.

அதற்கடுத்த நாள் பின்படியில். பிறகொரு நாள் உள்ளே, உடுப்புத் தோய்க்கிற அறையில், மெஷினுக்குப் பக்கத்தில், நிலத்தில். சாப்பாட்டுக்கு இருப்பவருக்கு முன்னால் வைப்பதுபோல நேராக வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் லினோலியத் தரையில் ஒரு பாகம் மட்டும் வெளிறிப்போய், பூப்போட்ட கோலம் அழிந்து, ஈரமாக இருந்தது.

“நீர்தான் வைச்சிட்டு மறந்திருப்பீர்” என்றார் குலசிங்கம், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

“நான் வைக்கேல்லை. எத்தினை தரம் சொல்லுறது? இந்த வீடு வேண்டாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கையெண்டாலும் போவம்.”

“இந்த ரென்ற்றுக்கு ஏவன்டேலிலை கராஜ்தான் கிடைக்கும். தனிய இருந்து யோசிக்கிறீர், அதுதான் வேறையொண்டும் இல்லை.”

சுவரோடு கதைப்பதற்கும் இவரோடு கதைப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். ஏவன்டேலில் இருக்கிற புஷ்பவதி அக்காவுக்கு டெலிபோன் எடுத்தாள். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

“நாங்களும் இஞ்சை மைனாக்குத்தான் வைக்கிறம், அதிலை பிழையில்லை. நீர் உம்மடை ஐயான்ரை பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டனீர்?”

‘ஆரெண்டாலும்’ என்று கத்தியது இராசமலருக்கு நினைவுக்கு வந்தது. “ஓம் அக்கா” என்று பொய் சொன்னாள்.

அன்றைக்கே தட்டை வீதியோரக் குப்பையில் போட்டாள். அரிசி வாளியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். வீட்டில் சோறு இல்லையென்றால் வருவதற்கு என்ன இருக்கிறது? பாண், பாற்கட்டி, டெய்ரி என்கிற மூலைக்கடையில் வாங்கிய இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி. குலசிங்கம் முணுமுணுத்துக்கொண்டு தின்றார். தோய்க்கிற அறைக் கதவுக்கு வெளிப்பக்கத்தால் நாற்காலி முட்டுக்கொடுத்தாள். பின்னேரங்களில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது: ஈரமான எதையோ பலகையில் மெதுவாக, மேலிருந்து கீழாக, இழுப்பதுபோல. நாளுக்கு நாள் கதவின் வெள்ளைப் பெயின்ட் இந்தப் பக்கமும் மெலிந்தது.

கடைசியில் அழுதுதான் காரியம் நடந்தது. வேலையிடத்துக்கு எடுத்து டெலிபோனில் விம்மினாள். குலசிங்கம் இறங்கிவந்தார்.

“சரி. அழாதையும். நாளைக்கு ஏவன்டேலிலை ஒரு வீடு பாப்பம். அடுத்த ரயிலிலை வாறன்.”

அவளுக்கு மூச்சு வந்தது. பெட்டியைக் கட்டிலில் போட்டு உடுப்புகளைத் திணித்தாள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை தகரக் கூரையில் பெய்துகொண்டே இருந்ததால் அது எப்போது நின்றதென்று தெரியவில்லை. நின்றபிறகுதான் வீட்டின் அமைதியைக் கவனித்தாள். கௌரியின் கார்ட்டூன் சத்தம் இல்லை. கதவில் அந்தச் சத்தமும் இல்லை.

“கௌரி?”

பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நடையில் வெளிச்சம் போட்டாள். நாற்காலி ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தது. தோய்க்கிற அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. அந்த இடைவெளிக்கு முன்னால் கௌரி முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு கையை முழங்கைவரை இருட்டுக்குள் நீட்டியிருந்தாள்.

“கௌரி, இஞ்சை வா. அம்மாட்டை வா.”

பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில் சொன்னாள்.

“சோறு இல்லையெண்டு சொன்னனான் அம்மா. பரவாயில்லையாம்.”

இராசமலர் பாய்ந்து இழுத்தாள். கை வந்தது. இரத்தம் இல்லை. காயம் இல்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. நகம் இல்லை. விரல்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியவில்லை. வழவழவென்று, ஈரமாக, அத்தனை சுத்தம்.

“கூசுது” என்றாள் கௌரி.

அம்மாவின் தோளுக்கு மேலாக, இருட்டைப் பார்த்து, மற்றக் கையை நீட்டினாள்.